முன்னரங்கக் காவலரண்களின் கணக்கு: இலங்கைப் போரில் கோடுகள் நின்ற விதமும் உடைந்த விதமும்

2002 பெப்ரவரி 22 அன்று இலங்கை அரசும் தமிழீழ விடுதலைப் புலிகளும் செய்துகொண்ட போர்நிறுத்த உடன்படிக்கையில் 1.4 என்ற பிரிவு ஒன்று உண்டு. முன்னரங்க நிலைகள் உள்ள இடங்களில் இரு தரப்பும் தத்தம் நிலைகளிலேயே இருக்க வேண்டும், இடையே குறைந்தது 600 மீற்றர் வெளி பேணப்பட வேண்டும், தன் நிலையிலிருந்து 100 மீற்றர் வரை நடமாடும் உரிமை ஒவ்வொரு தரப்புக்கும் உண்டு, ஆயினும் இருவருக்கும் இடைப்பட்ட தூரம் எக்காரணம் கொண்டும் 400 மீற்றருக்குக் குறையக் கூடாது என்று அது சொன்னது. ஏற்கெனவே 400 மீற்றரிலும் கிட்டவாக நிலைகள் அமைந்திருந்தால், அங்கே அந்த நடமாடும் உரிமையும் கிடையாது. அரசியல் தீர்வைப் பற்றி அதிகம் பேசாத ஓர் உடன்படிக்கை, மண்மூட்டைகளுக்கு இடையிலுள்ள தூரத்தை மீற்றர் கணக்கில் எழுதிவைத்தது. அந்த இடைவெளி சுருங்கினால் மற்றதெல்லாம் கைநழுவிப் போகும் என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அன்றைய பத்திரிகை வரைபடங்களில் இந்த முன்னரங்கு ஒரு தடித்த கோடாகத் தெரியும். அதைப் பார்த்தவர்கள் பலரும் எல்லை என்றே எண்ணிக்கொண்டார்கள். உண்மையில் உள்நாட்டுப் போர் ஒன்றின் முன்னரங்கு எல்லைக்குரிய இயல்புகளில் பெரும்பாலானவற்றைக் கொண்டிராதது. அதற்குச் சட்ட அங்கீகாரம் இல்லை, அது மலைத்தொடரையோ ஆற்றையோ ஒட்டி அமைய வேண்டும் என்ற நியதி இல்லை, கோட்டின் இரு புறமும் வாழ்பவர்கள் பெரும்பாலும் ஒரே மக்கள், சில வேளை ஒரே குடும்பம். ஒரு தரப்பு எத்தனை பேரை எவ்வளவு தூரத்துக்கு எத்தனை நாள் நிறுத்திவைக்க முடியும் என்ற கணக்கு முடிகிற இடத்தில்தான் அந்தக் கோடு விழுந்தது. இலங்கைப் போரில் எந்த அரண் நின்றது, எது உடைந்தது என்பதை வீரம், துரோகம் என்ற இரண்டு சொற்களுக்குள் அடக்கிப் பேசுவது இரு தரப்பு ஆதரவாளர்களிடமும் இருந்துவரும் பழக்கம். என் கணிப்பில், தூரம், தண்ணீர், வழங்கல் பாதை ஆகிய மூன்றையும் பார்த்தால் அந்த வரலாற்றின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

முதலில் சொற்கள். தனித்தனியே நிற்கும் சிறிய காவல் நிலையைக் காவலரண் அல்லது காப்பரண் என்று எழுதுவார்கள். பேச்சில் அது சென்றி. தலைக்கு மேல் மூடிய குழி பங்கர், எழுத்தில் பதுங்குகுழி. ஒரு பங்கரிலிருந்து இன்னொன்றுக்குக் குனிந்தபடியே போவதற்கு வெட்டிய வாய்க்கால் நகர்வகழி. முன்னால் குவித்த மண் தடுப்பு மண் அணை. இவையெல்லாம் சேர்ந்து தொடராக அமைந்தால் முன்னரங்க நிலைகள். இரு தரப்பு நிலைகளுக்கும் இடையில் எவரும் போகாத வெளி சூனியப் பிரதேசம். இந்தச் சொற்களில் பல போருக்கு முன்னர் பொதுவழக்கில் இருக்கவில்லை; 1990களின் இறுதியில் வன்னி எனப்படும் வடக்கின் பெருநிலப்பரப்பிலும் யாழ்ப்பாணத்திலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அவற்றை வேறுபாடு தெரிந்து பயன்படுத்தினார்கள்.

போரின் முதற்பகுதியில் தொடர்ச்சியான கோடு என்று ஒன்று கிடையாது. 1980களின் நடுப்பகுதியில் இராணுவத்திடம் இருந்தவை தனித்த முகாம்கள்: யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, நாவற்குழி, ஆனையிறவு என ஒவ்வொன்றும் ஒரு தீவு. முகாமுக்கு வெளியே சில நூறு மீற்றர் தொலைவில் தமிழ் ஆயுத இயக்கங்களின் சென்றிகள் இருந்தன. இராணுவம் வெளியேற முயன்றால் அங்கே சண்டை தொடங்கும். யார் யாரை முற்றுகையிடுகிறார்கள் என்று சொல்வதே கடினமான நிலை அது. நாட்டின் ஆட்சி தங்களுடையது என்ற தரப்பு வேலிக்குள் இருந்தது. அதை எதிர்த்த தரப்பு வீதியில் நின்றது.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது இந்த முகாம்களின் பலவீனம் வெளிப்பட்டது. தொலைத்தொடர்புக் கோபுரத்தைக் காத்துநின்ற கொக்காவில் முகாம் அந்த ஜூலையில் வீழ்ந்தது. ஒல்லாந்தர் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டைக்குள் மாதக்கணக்கில் முற்றுகைக்குள்ளாகியிருந்த படையினர், மண்டைதீவு வழியாக மீட்புப் படை வந்துசேர்ந்த பின்னரும், செப்ரெம்பர் 26 அன்று கோட்டையைக் கைவிட்டு வெளியேறினார்கள். மாங்குளம் முகாம் நவம்பரில் போனது. இவற்றைத் தனித்தனிச் சம்பவங்களாகப் பார்த்தால் ஒன்றில் துணிவு, ஒன்றில் தவறு என்று தோன்றும். சேர்த்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே குறை: முகாமுக்குள் உணவும் தண்ணீரும் தோட்டாவும் தரைவழியாக வந்துசேரப் பாதை இல்லை, வானிலிருந்து போடுவதெல்லாம் உள்ளே விழும் என்ற உறுதியும் இல்லை.

இந்தக் குறையை இராணுவம் ஓரளவு சரிசெய்த இடம் ஆனையிறவு. 1991 ஜூலை 10 அன்று புலிகள் 'ஆகாய கடல் வெளி' என்ற பெயரில் அதைத் தாக்கியபோது இரும்புத் தகடு போர்த்திய புல்டோசர்களைக் காவலரண்களை நோக்கி ஓட்டினார்கள். அவற்றுள் ஒன்றை லான்ஸ் கோப்ரல் காமினி குலரத்ன தன்னுயிரைக் கொடுத்து நிறுத்தினார். துருப்பிடித்த அந்த வண்டி நினைவுச் சின்னமாக இன்றும் அங்கே வீதியோரம் நிற்கிறது. தெற்கில் அந்தச் சம்பவமே அந்தச் சமரின் முழுக்கதையாகிவிட்டது. முகாமைக் காப்பாற்றியதில் அதற்குச் சமமான பங்கு, கிழக்குக் கரையில் வெற்றிலைக்கேணியில் படையினரைத் தரையிறக்கி, அங்கிருந்து ஆனையிறவு வரை மணல் வெளியால் ஒரு தரைப்பாதையை வாரக்கணக்கில் சண்டையிட்டுத் திறந்த முடிவுக்கு உண்டு. அந்தப் பாதை இருந்த வரை ஆனையிறவு நின்றது.

ஆனையிறவையும் பூநகரியையும் இராணுவம் வைத்திருந்ததன் விலையைப் பொதுமக்கள் கொடுத்தார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னியோடு இணைத்த ஆனையிறவுப் பாதையும், பூநகரிப் பக்கத்துச் சங்குப்பிட்டிப் பாதையும் மூடப்பட்டமையால், 1990களின் முற்பகுதியில் குடாநாட்டு மக்கள் கிளாலியில் வள்ளம் ஏறி இரவில் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக் கரைக்குப் போனார்கள். நோயாளிகள், கொழும்புக்குப் போகும் மாணவர்கள், வியாபாரிகள், வெளிநாடு போகப் புறப்பட்டவர்கள் எல்லோரும் அந்த வள்ளங்களில்தான் இருந்தார்கள். நீரேரியைத் தடைசெய்யப்பட்ட பகுதியாக அறிவித்திருந்த கடற்படை அவர்கள் மீது சுட்டது. 1993 ஜனவரி தொடக்கத்தில் அவ்வாறு நடந்த தாக்குதல் ஒன்றில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். ஒரு காவலரண் தன் துப்பாக்கி எட்டாத தூரத்திலும் மனிதர்களின் வழியை மாற்றிவிடும் என்பதைக் கிளாலிப் பயணம் போன எவரும் அறிவர்.

தனித்த முகாம் என்ற முறைக்கு இறுதி அடி விழுந்தது 1996 ஜூலை 18 அன்று முல்லைத்தீவில். 1993 நவம்பரில் பூநகரியில் புலிகள் முகாமுக்குள் புகுந்து டாங்கி உட்படப் பெருமளவு ஆயுதங்களை எடுத்துச் சென்றது ஒரு முன்னறிவிப்பு. ஆயினும் முல்லைத்தீவு முகாம் அதே நிலையிலேயே தொடர்ந்தது: மூன்று பக்கமும் புலிகளின் நிலம், நாலாவது பக்கம் கடல். அந்தக் கடலில் கடற்புலிகள் நின்றதால் அளம்பிலில் இறங்கிய மீட்புப் படை முகாமை உரிய நேரத்தில் எட்டவில்லை. 'ரணவிரு' என்ற கடற்படைக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் இறந்தனர். அதன் பின்னர், தரைத்தொடர்பு இல்லாத முகாமை எதிரியின் நிலத்தின் நடுவே வைத்திருப்பது வீண் என்ற முடிவுக்கு இராணுவம் வந்தது. தொடர் கோடு என்ற எண்ணம் முழுவீச்சில் செயலுக்கு வந்தது இதற்குப் பிறகுதான்.

1997 மே 13 அன்று வவுனியாவுக்கு வடக்கே நொச்சிமோட்டையிலிருந்தும் மணலாற்றுப் பக்கத்திலிருந்தும் 'ஜயசிக்குறுய்' என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கியது. 1995இன் இறுதியில் கைப்பற்றிய யாழ்ப்பாணத்துக்கு வானாலும் கடலாலும் மட்டுமே வழங்கல் செய்துகொண்டிருந்த அரசுக்கு, வவுனியாவிலிருந்து வன்னி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியைத் திறப்பது கட்டாயத் தேவையாகத் தோன்றியது. மதில் காத்து நிற்பதற்கு நொச்சித் திணை என்று பெயரிட்ட மொழியில், நொச்சியைப் பெயரில் கொண்ட ஊரிலிருந்து இந்தப் போரின் மிக நீண்ட படையெடுப்பு புறப்பட்டது தற்செயல்தான். ஆனால் முன்னேறிப் போனவர்கள் மிக விரைவில் காத்து நிற்பவர்களாக மாறியது தற்செயலன்று.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை வீதி வழியாக ஏறத்தாழ 75 கிலோமீற்றர். வீதியைப் பிடித்தால் மட்டும் போதாது; அதன் இரு புறமும் காடு என்பதால், இரு புறமும் மண் அணை போட்டுக் காக்க வேண்டும். ஆக 150 கிலோமீற்றர். 50 மீற்றருக்கு ஒரு பங்கர் என்று வைத்தால் 3,000 பங்கர்கள். ஒன்றுக்கு நான்கு பேர் என்றால் 12,000 பேர், வெறுமனே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதற்கு மட்டும். இவர்களை மாற்றிவிட ஆள் வேண்டும், சமைத்துக் கொண்டுவர ஆள் வேண்டும், ஆட்லறிக்கும் காயப்பட்டோரை ஏற்றுவதற்கும் ஆள் வேண்டும், எங்காவது உடைந்தால் ஓடிப்போய் அடைக்கச் சேமப்படை வேண்டும். இது விளக்கத்துக்காகப் போட்ட கணக்கு. களத்தில் இடைவெளியும் ஆட்தொகையும் இடத்துக்கு இடம் மாறின. ஆனாலும் அளவு எத்தகையது என்பது விளங்கும். படையை விட்டு ஓடியவர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்து அறிவித்துத் திருப்பி அழைத்துக்கொண்டிருந்த ஓர் இராணுவத்துக்கு, முன்னேறிய ஒவ்வொரு கிலோமீற்றரும் இரண்டு கிலோமீற்றர் காவல் கடனாகச் சேர்ந்தது.

பங்கருக்குள் இருந்தவனுக்கு இந்தக் கணக்கு வேறு விதமாகத் தெரிந்திருக்கும். பங்கரின் கூரைக்கும் பக்கத்துக்கும் பனங்குற்றிகள். குடாநாட்டிலும் பச்சிலைப்பள்ளியிலும் இரு தரப்பும் தறித்த பனைகள் எண்ணிலடங்கா. பனங்குற்றி நார்ப்பற்றுள்ளது, சன்னத்தை உள்வாங்கிக்கொள்ளும், எளிதில் பிளந்து சிதறாது. 1990இல் யாழ்தேவி ஓடாமல் நின்ற பிறகு கைவிடப்பட்ட ரயில் பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குள் போயின. 2014இல் அந்தப் பாதை யாழ்ப்பாணம் வரை திரும்பப் போடப்பட்டபோது பழைய தண்டவாளம் ஏறக்குறைய எங்குமே மிஞ்சியிருக்கவில்லை. கூரைக்கு மேல் மண்மூட்டை, அதற்கு மேல் மண். முன்னால் சுருள் முட்கம்பி, அதில் தட்டுப்பட்டால் சத்தம் போடக் கட்டிய வெறும் தகரப் பேணிகள், அதற்கு அப்பால் மிதிவெடிகள். இரவில் சந்தேகம் வந்தால் மேலே பரா வெளிச்சம் எழும். அது அணையும் வரை வெளி முழுவதும் பால்போல் தெரியும், அணைந்ததும் முன்பைவிடக் கூடுதலாக இருண்டுபோகும். மாரியில் நகர்வகழியில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். மலேரியாவும் பாம்பும் எதிரியின் குறிசூட்டுக்காரனைப் போலவே நிரந்தர உடனுறைகள்.

முன்னரங்கக் காவலரண் ஒரு பெருந்தாக்குதலைத் தனித்துத் தடுத்துவிடும் என்று எந்தப் படைத்துறையும் எதிர்பார்ப்பதில்லை. அது எச்சரிக்க வேண்டும், தாமதப்படுத்த வேண்டும், உள்ளே வருபவனுக்கு இழப்பை உண்டாக்க வேண்டும். அந்த நேரத்தில் பின்னாலிருக்கும் ஆட்லறியும் சேமப்படையும் வேலையைத் தொடங்க வேண்டும். முன்வரிசையில் எல்லோரையும் நிரப்பி, பின்னால் ஒன்றுமில்லாமல் விட்டால் கோடு கண்ணாடிபோல ஆகிவிடும். ஒரு புள்ளியில் உடைந்தால் முழுவதும் நொறுங்கும்.

1999 நவம்பரில் வன்னியில் நடந்தது அதுவே. ஜயசிக்குறுய் ஒன்றரை ஆண்டுக்கு மேலாக நடந்தது. 1998 செப்ரெம்பர் இறுதியில் இராணுவம் மாங்குளத்தைப் பிடித்த அதே நாட்களில் புலிகள் கிளிநொச்சியைத் திரும்பப் பிடித்துவிட்டதால், அந்த ஆண்டு டிசம்பரில் அது முடிவுறாமலே கைவிடப்பட்டது. பிடித்த நிலத்தில் கோடுகள் மட்டும் எஞ்சின. 1999 நவம்பர் 2 அன்று ஒட்டுசுட்டானில் தொடங்கிய புலிகளின் 'ஓயாத அலைகள் - 3' தாக்குதல் ஒரு வாரத்துக்குள் நெடுங்கேணி, மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம் என்று உருண்டு ஓமந்தையை அண்மித்தது. பத்தொன்பது மாதத்தில் பிடித்த நிலம் ஏறக்குறைய ஐந்தாறு நாளில் போயிற்று. அதிகாரிகளின் திறமையின்மை, உளவுத் தகவல் இன்மை என்று பல காரணங்கள் அப்போது சொல்லப்பட்டன. அவற்றில் உண்மை இருக்கலாம். ஆனால் முதுகில் தசையில்லாத ஒரு நீண்ட கோட்டை எந்தத் திறமைசாலியும் எவ்வளவு நாளைக்குக் காத்து நின்றிருப்பார் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அடுத்தது ஆனையிறவு. அரண் என்றால் அதில் அடங்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தும் தமிழ் மரபு தெளிந்த நீரை முதலில் வைக்கும். நிலமும் மலையும் காடும் பிறகுதான். ஆனையிறவு உப்பளத்தின் நடுவே உள்ள முகாம். குடிக்கும் தண்ணீர் வடக்கே இயக்கச்சியின் கிணறுகளிலிருந்து வந்தது. 1999 டிசம்பரில் வெற்றிலைக்கேணி, கட்டைக்காட்டுக் கரைப்பகுதி புலிகளிடம் போனது. 1991இல் மீட்புப் படை இறங்கிய கரை அதுவே. 2000 மார்ச் 26 இரவு புலிகளின் தளபதி பால்ராஜின் தலைமையில் ஒரு படையணி குடாரப்பில் கடல்வழியாக இறங்கி, உள்ளே நகர்ந்து, இத்தாவிலில் ஏ-9 வீதியை மறித்து உட்கார்ந்தது. சுற்றிலும் இராணுவம் இருக்க ஒரு மாதத்துக்கு மேல் அது அங்கேயே நின்றது. முகாமின் முன்பக்கம் அப்படியே இருந்தது, பின்பக்கம் திருகப்பட்டுவிட்டது. ஏப்ரல் 22 அன்று இயக்கச்சி போனதோடு தண்ணீர் நின்றது. சித்திரை வெயிலில் படையினர் கிளாலிக் கரையோரமாகப் பின்வாங்கினார்கள். வழியில் தாகத்தாலும் வெப்பத்தாலும் விழுந்தவர்களும் உண்டு. 1991இல் புல்டோசர்களால் உடைக்க முடியாத முகாம், ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கிணற்றடியில் வீழ்ந்தது.

இதன் பிறகு இராணுவத்துக்குத் தற்செயலாகக் கிடைத்தது முகமாலை. பின்வாங்கி நின்ற இடம் மேற்கே கிளாலி நீரேரி, கிழக்கே நாகர்கோவில் கடற்கரை, நடுவே முகமாலை என்று குடாநாட்டின் ஒடுங்கிய கழுத்தில் அமைந்தது. முழு அகலமும் 10 முதல் 12 கிலோமீற்றர்தான். மேலே போட்ட அதே கணக்கை இங்கே போட்டால் 240 பங்கர், ஆயிரத்துக்குச் சற்றுக் குறைய ஆட்கள். மிச்சமுள்ள படை முழுவதையும் இரண்டாம், மூன்றாம் வரிசைகளாக எழுதுமட்டுவாள் வரை அடுக்கலாம். பக்கவாட்டில் சுற்றிவர நிலமே இல்லை. இந்த வசதி இரு தரப்புக்கும் சமமாகக் கிடைத்தது என்பதுதான் முகமாலையின் விசித்திரம். எட்டு ஆண்டுகளுக்கு மேல் இரு தரப்பும் ஒன்றையொன்று முட்டிப் பார்த்தன. எவராலும் நிலைத்து நகர முடியவில்லை.

2001 ஏப்ரல் 24 அன்று இராணுவம் 'அக்கினிகீல' என்ற பெயரில் பளையை நோக்கிப் புறப்பட்டது. புலிகள் அதைத் 'தீச்சுவாலை' என்று தங்கள் வரலாற்றில் எழுதினார்கள். மிதிவெடி வயலுக்குள் இறங்கிய படையினர் மீது முன்கூட்டியே குறித்துவைத்த தூரங்களுக்கு எறிகணைகள் விழுந்தன. சில நாட்களில் பழைய நிலைக்கே திரும்பினார்கள். 2006 ஓகஸ்ட் 11 அன்று புலிகள் இதே இடத்தில் முதல் வரிசையை உடைத்து உள்ளே போனார்கள். அவர்களும் திரும்ப நேர்ந்தது. அந்த ஒக்ரோபர் 11 அன்று இராணுவம் முயன்று ஒரே நாளில் 100க்கும் மேற்பட்டோரை இழந்தது. 2008 ஏப்ரல் 23 அன்றும் கிட்டத்தட்ட அதே கதை. இரு தரப்பும் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தன என்று சொல்லத் தோன்றுகிறது. உண்மையில் ஒவ்வொரு முறையும் புதிய ஆட்கள்தான் படித்தார்கள்.

கோட்டில் நின்றவர்கள் எல்லோரும் சீருடைப் படையினர் அல்லர் என்பதையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். அரசு தரப்பில் 1980களின் நடுப்பகுதியிலிருந்து எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படை உருவாக்கப்பட்டது. 2006இல் அது சிவில் பாதுகாப்புத் திணைக்களமாயிற்று. பதவியா, கெப்பித்திகொல்லாவ, மணலாறு போன்ற இடங்களில் வயல் உழுதவனே இரவில் சொட்கன்னோடு சென்றியில் இருந்தான். குடியேற்றமே காவலரணாகப் பயன்படுத்தப்பட்டது என்பது தமிழர் தரப்பின் நீண்டநாள் குற்றச்சாட்டு. மணலாற்றிலிருந்து தமிழர்கள் வெளியேற்றப்பட்டு அவ்விடம் வெலிஓயா ஆனதைப் பார்த்தால் அதைப் புறந்தள்ள முடியாது. அக்குடியேற்றங்களில் இருந்த பெண்களும் குழந்தைகளும் புலிகளால் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டதை அந்தக் குற்றச்சாட்டு நியாயப்படுத்தவும் முடியாது. பொலன்னறுவை மாவட்டத்தில் 1992 ஏப்ரல் 29 அன்று அழிஞ்சிப்பொத்தானையில் முஸ்லிம் கிராமத்தவரைப் புலிகள் கொன்றதும், சில மணி நேரத்தில் முத்துகலிலும் கறப்பொலவிலும் தமிழர்களை முஸ்லிம் ஊர்காவல் படையினர் உள்ளிட்டோர் கொன்றதும், அயலவன் கையில் துப்பாக்கி கொடுத்துக் காவலுக்கு வைத்தால் எங்கே போய் முடியும் என்பதைக் காட்டியது. புலிகளும் பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுத்து எல்லைப்படை என்ற பெயரில் முன்னரங்கில் நிறுத்தினார்கள். ஆள் போதாத தரப்பு எதுவானாலும் இதே வழிக்குத்தான் வந்தது.

போர்நிறுத்தக் காலத்தில் கோடு வேறோர் உருவெடுத்தது. 2002இல் ஏ-9 திறந்தபோது, தெற்கே ஓமந்தையில் இராணுவத்தின் சோதனைச் சாவடி, சூனியப் பிரதேசத்தைத் தாண்டி புளியங்குளத்தில் புலிகளின் சாவடி, வடக்கே முகமாலையில் மறுபடி இருவரும். இடையில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு நின்றது. வாகனத்திலிருந்து இறங்கி, பொதிகளைத் திறந்து காட்டி, ஒரு பக்கம் அடையாள அட்டையும் மறுபக்கம் வரியும் கொடுத்து, ஒரே நாட்டுக்குள் நாலு முறை வரிசையில் நின்று மக்கள் போய்வந்தார்கள். எல்லை என்ற மயக்கம் உண்மையாகவே தோன்றிய காலம் அதுதான். 2006 ஓகஸ்டில் முகமாலை வழி மூடப்பட்ட அன்று, ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட குடாநாட்டு மக்களுக்கு அரிசியும் மருந்தும் மீண்டும் கப்பலால் வர வேண்டியதாயிற்று.

இறுதிக் கட்டத்தில் கணக்கு முழுதாகத் தலைகீழானது. இப்போது நீண்ட கோட்டைக் காக்க வேண்டியவர்கள் புலிகள். மன்னாரின் அடம்பன் பக்கத்திலிருந்து வவுனியாவுக்கு மேலாக மணலாற்றின் கிழக்குக் கரை வரை 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தென்முனை. அதோடு வடக்கே முகமாலை. இராணுவம் புதிதாக உருவாக்கிய 57, 58, 59ஆம் டிவிசன்களைத் தென்முனையில் பல இடங்களில் ஒரே நேரத்தில் இறக்கியது. எட்டுப் பேர் கொண்ட சிறு குழுக்கள் காட்டுக்குள் காவலரண்களுக்கு இடையே நுழைந்து முதுகுப் பக்கத்தில் தோன்றின. அதற்கும் முன்பிருந்தே இராணுவத்தின் ஆழ ஊடுருவும் அணிகள் உள்ளே கிளைமோர் கண்ணிவெடிகள் வைத்துக்கொண்டிருந்தன. புலிகள் நாச்சிக்குடாவிலிருந்து அக்கராயன் வரையும் அதற்கு அப்பாலும் அகழியும் மண் அணையும் சேர்த்து அமைத்தார்கள். அது இராணுவத்தைச் சில வாரங்கள் தடுத்தது. ஆனால் அணையின் நீளம் கூடக் கூட, அதன் பின்னால் நிற்பவர்கள் மெலிந்தார்கள்.

2008 நவம்பர் 15 அன்று பூநகரி இராணுவத்திடம் போனது. ஐந்து நாள் கழித்து முகமாலையின் முதல் வரிசையை இராணுவம் பிடித்தது. 2009 ஜனவரி தொடக்கத்தில் பரந்தனும் கிளிநொச்சியும் வீழ்ந்ததும், முகமாலையில் எஞ்சியிருந்த புலிகளுக்குப் பின்பாதை இல்லாமற் போயிற்று. எட்டு ஆண்டுகளாக நேர்முகத் தாக்குதலால் அசையாத கோட்டை அவர்கள் தாங்களே விட்டு நகர்ந்தார்கள்; ஜனவரி 9 அன்று ஆனையிறவு இராணுவத்திடம் வந்தது. 2000இல் இயக்கச்சி செய்ததைப் பரந்தன் செய்தது.

முள்ளிவாய்க்காலுக்கு முந்தைய வாரங்களில் மண் அணை என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. புதுமாத்தளனில் போட்ட அணைக்கு ஒரு பக்கம் இராணுவம். மறுபக்கம் ஒடுங்கிய கடற்கரையில் இலட்சக்கணக்கான மக்கள். அரசு தானே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடங்கள் மீது அரச படைகள் எறிகணை வீசியதையும், வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்ததையும் சுட்டதையும் ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் தன் அறிக்கையில் குறிப்பிட்டது. ஏப்ரல் 20 அன்று அந்த அணை உடைக்கப்பட்டபோது, அடுத்த சில நாட்களில் ஒரு இலட்சம் பேரளவில் அதன் மேலாக ஏறி இராணுவப் பக்கம் வந்தார்கள். எதிரியை வெளியே வைக்கக் கற்ற அதே வேலை, தன் மக்களை உள்ளே வைக்கவும் பயன்பட்டது.

போர் முடிந்த பின்னர் பங்கர்கள் விரைவாக மறைந்தன. பனங்குற்றியும் தகரமும் வீடு கட்டவும் விறகுக்கும் போயின. மிதிவெடிகள் போகவில்லை. முகமாலை உலகில் மிக அடர்த்தியாக மிதிவெடி விதைக்கப்பட்ட நிலங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. இரு தரப்பும் ஒருவர் புதைத்ததற்கு மேல் மற்றவர் புதைத்து, கோடு சற்று நகரும்போதெல்லாம் புதிய வரிசை சேர்த்ததன் விளைவு அது. இராணுவத்தின் பி-4 வகையும், புலிகள் தாங்களே செய்த ஜொனி, ரங்கன் வகைகளும் ஒரே நிலத்தில் கிடந்தன. இவற்றுள் பலவற்றில் உலோகம் மிகச் சிறிதளவே இருப்பதால் கண்டறியும் கருவி எப்போதும் நம்பத்தக்கதன்று. எனவே அங்கே நீண்ட பிடியுள்ள கனத்த வாரிகளால் மணலை மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல வாரி எடுக்கும் முறை வழக்கத்துக்கு வந்தது. அந்த வேலையைச் செய்பவர்களில் கணிசமானோர் அதே மாவட்டங்களைச் சேர்ந்த பெண்கள், பலர் போரில் கணவனை இழந்தவர்கள். 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது.

அவர்கள் வேலையைத் தொடங்கும் முன் தேடுவது பழைய பங்கர் வரிசையைத்தான். மண் சற்று மேடாகி, நடுவே பள்ளம் விழுந்து, உக்கிய மண்மூட்டையின் பிளாஸ்ரிக் நூல்கள் தெரிந்தால் அது காவலரண் இருந்த இடம். அங்கிருந்து எதிர்ப்பக்கத்தை நோக்கி அளந்தால் முட்கம்பி, அதற்கு அப்பால் வரிசை வரிசையாக வெடிகள். சிவப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் இடையில், ஒரு மீற்றர் அகல ஒழுங்கையில், முகக்கவசம் போட்ட ஒருவர் முழங்காலில் இருந்தபடி அன்றைய பங்குக்குரிய சில சதுர மீற்றரை வாரி முடிப்பார். மறுநாள் கட்டைகள் அவ்வளவு தூரம் முன்னே நகரும்.